சாலட் கீரைக்கு உறைபனி விலகும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்ப்பிரதேச வாசகர்களுக்காகத் தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் வெளியான, லெட்யூஸ், பசலை (ஸ்பினாச்) போன்ற சாலட் கீரைகளைக் கடைசி உறைபனி விலகிய பிறகே விதைக்க வேண்டும் என்ற அறிவுரை, தக்காளிக்கும் கத்தரிக்கும் பொருந்துமே தவிர, இக்கீரைகளுக்குப் பொருந்தாது. அப்படிக் காத்திருப்பவருக்கு நல்ல பருவத்தில் பெரும்பகுதி கைநழுவிவிடும்.

மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸை எட்டினாலே லெட்யூஸ் விதை, மெதுவாகவேனும், முளைக்கத் தொடங்கிவிடும். 15 முதல் 20 டிகிரி வரை அதற்கு மிகவும் உகந்தது. மாறாக, மண் ஏறத்தாழ 27 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களின் விதைகள் உறக்கநிலைக்குப் போய்விடுகின்றன. நாமோ விதை மட்டம் என்று பழிபோடுகிறோம். எனவே தேதியைக் காட்டிலும் நம்பத்தக்கது, காலை வேளையில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகிப் பார்க்கும் வெப்பமானியே. பசலைக்குப் பகற்பொழுதின் நீளமும் முக்கியம். பகல் 14 மணி நேரத்தை நெருங்கியதும் அது இலை விடுவதை விட்டுப் பூந்தண்டு விடத் தொடங்கும்.

இலையுதிர்காலப் பயிரைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. என் கருத்தில், குளிர் நாட்டில் சுவையான கீரை கிடைப்பது அப்பருவத்தில்தான். முதல் உறைபனி வழக்கமாக வரும் தேதியிலிருந்து, விதை உறையில் அச்சிட்டுள்ள முதிர்வு நாட்களோடு இரண்டு வாரங்களைக் கூட்டிப் பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். பகல் சுருங்கச் சுருங்க வளர்ச்சி மந்தமாவதே அந்தக் கூடுதல் அவகாசத்துக்குக் காரணம். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியபின், அதாவது 50 டிகிரி வட அட்சரேகையில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், அதற்குள் செடி முக்கால் பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். அதன்பின் பாத்தி ஒரு சேமிப்புக் கிடங்கு போலத்தான். குளிருக்குப் பழகிய பசலை பூஜ்ஜியத்துக்குக் கீழே சில டிகிரிகளையும் தாங்கி நிற்கும். லெட்யூஸ் அவ்வளவு தாங்காது. அதற்கு மெல்லிய போர்வைத் துணி தேவை. விடியற்காலையில் விறைத்து நிற்கும் இலைகளைத் தொட்டால் அவை நொறுங்கிக் கறுத்துவிடும் என்பதால், வெயிலேறி அவை இளகிய பிறகே பறிக்க வேண்டும்.

வரும் இதழ்களில் மாதவாரி விதைப்புப் பட்டியலோடு மண்ணின் வெப்பம், பகலின் நீளம் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்