இரண்டு வருடத் தோல்வியை வைத்துக் கணக்கை முடிக்காதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத்துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் வசிக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். பெண்கள் கூடைப்பந்து அணிகளுக்கு நீங்கள் பயிற்சியாளர்களை எடுக்கும் விதமும், அதைவிட வேகமாக அவர்களை அனுப்பிவிடும் விதமும் மனதை உறுத்துவதால் இந்த மடல்.

எங்கள் ஊர் அணியான தென் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் டான் ஸ்டேலியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் கதையின் தொடக்கத்தை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு ஆள் தேடினார்கள். ஸ்டேலி பிறந்து வளர்ந்ததும் அந்த ஊரில்தான். அப்போது அவர் பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில், சார்லட் ஸ்டிங் அணியின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். 5 அடி 6 அங்குல உயரம், முப்பதை எட்டப்போகும் வயது. எந்தக் கல்லூரி அணிக்கும் அவர் பயிற்சி கொடுத்ததில்லை, கொடுக்கும் ஆசையும் இருக்கவில்லை. டெம்பிளின் விளையாட்டு இயக்குநர், உங்களைப் போன்ற பதவியில் இருந்தவர்தான், விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

ஆடிக்கொண்டிருந்தவரை ஆட்டத்தை விட்டுவிட்டு வா என்று அவர் கேட்கவில்லை. டபிள்யூஎன்பிஏ கோடையில், கல்லூரி ஆட்டங்கள் குளிர்காலத்தில். 2006 இல் ஓய்வு பெறும்வரை ஸ்டேலி இரண்டையும் செய்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி நடந்தாரே, அன்றைக்கு அவர் டெம்பிளின் தலைமைப் பயிற்சியாளர்!

களத்தில் இருந்து நேராக வருபவரிடம் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன். ஆடும் காலத்தில் ஸ்டேலி மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தால் அதை இழுத்துச் சுளீரென்று விடுவார். தன் தவறுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அடி. அப்படிப்பட்டவர் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து "பாஸ் பார்த்துப் போடு" என்றால், அந்தச் சொல்லுக்குத் தனி எடை.

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆக முடிந்தவர்களுக்கும் காலம் வேண்டும். நான் வந்ததே இதற்காகத்தான்.

2008 இல் ஸ்டேலி எங்கள் ஊருக்கு வந்தார். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. அடுத்ததில் 14, 15. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த நாட்களில் அரங்கத்துக்குப் போவேன். மேல் வரிசைகள் காலியாகக் கிடக்கும். குழந்தை படிகளில் ஏறி இறங்கி விளையாட இடம் தாராளம். கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டிக்குள் அணி நுழைந்தது நான்காவது சீசனில், 2012 இல். முதல் பட்டம் 2017 இல். பிறகு 2022. 2023 அரையிறுதியில் அயோவாவிடம் தோற்று, தொடக்க ஐவரையும் மொத்தமாக இழந்து, புதுக் கூட்டணியோடு 2024 இல் 38 ஆட்டமும் வென்று மூன்றாவது பட்டம். இன்றைக்கு அதே அரங்கத்தில் டிக்கெட்டுக்கு அலைகிறேன். இரண்டாவது சீசன் முடிவில் எங்கள் பல்கலைக்கழகம் பொறுமை இழந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

அரிசோனா பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். டபிள்யூஎன்பிஏவில் ஆடிய அடியா பார்ன்ஸ் அங்கே தன் இரண்டாவது சீசனில் 6 வென்று 24 தோற்றார். உங்களில் பலர் அந்த மார்ச்சிலேயே வேலைநீக்கக் கடிதம் நீட்டியிருப்பீர்கள். 2021 இல் அவர் அணி தேசிய இறுதிக்குப் போய் ஸ்டான்ஃபோர்டிடம் ஒரே ஒரு புள்ளியில், 54-53 என்று தோற்றது. சில மாதக் கைக்குழந்தைக்குத் தாயாக இருந்த பார்ன்ஸ், அந்த ஆட்டத்தின் இடைவேளையில் தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுத்தான் களத்துக்குத் திரும்பினார்.

1972 இல் பெண்கள் கல்லூரி அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க அந்த ஆண்டு வந்த டைட்டில் நைன் சட்டத்துக்குப் பிறகு பணமும் சம்பளமும் கூடக்கூட, அந்த விகிதம் பாதிக்கும் கீழே போனது. இது தானாக நடந்ததில்லை. ஆளை எடுக்கும் மேசையில் இருந்தது நீங்கள்.

ஸ்டேலி செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பட்டம் வென்ற அணி கூடை வளையத்தின் வலையை வெட்டி எடுப்பது வழக்கம். 1999 இல் பர்டூ பல்கலைக்கழக அணியைப் பட்டத்துக்குக் கொண்டுபோன கறுப்பினப் பயிற்சியாளர் கேரோலின் பெக், தான் அன்று வெட்டிய வலையின் ஒரு துண்டை 2015 இல் ஸ்டேலியிடம் கொடுத்தார், நீ ஜெயித்த பிறகு திருப்பிக் கொடு என்று. 2017 இல் ஜெயித்தவர் சில வருடங்கள் கழித்துத் தன் வலையைத் துண்டு துண்டாக வெட்டி, கல்லூரி விளையாட்டின் உச்சநிலையான முதல் பிரிவில் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கறுப்பினப் பெண்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

நான் கேட்பது இரண்டுதான். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் பெண்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுங்கள், டெம்பிள் பேசியதுபோல. எடுத்தவருக்கு நான்கு சீசனாவது கொடுங்கள், அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படியேறி விளையாடிய அந்தக் குழந்தை இப்போது பள்ளி அணியில் ஆடுகிறாள். கல்லூரிகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அங்கே பயிற்சியாளர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
கொலம்பியாவிலிருந்து ஒரு தாய்