சிகரெட்டை விட்ட மகனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். உன் நலம் எப்படி என்பதை மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னாள். நீ சிகரெட்டை விட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாயாம். பாப்பா கலர் பென்சிலைச் சோபாவில் போட்டதற்கு அவளை அழவைத்துவிட்டு, அப்புறம் நீயே பால்கனியில் போய் நின்று அழுதாயாம். "இதுக்கு நான் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம், எல்லாருக்கும் நிம்மதியா இருந்திருக்கும்" என்று சொன்னாயாமே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். எழுதிவிட்டால் நள்ளிரவில் தூக்கம் வராதபோதுகூட எடுத்துப் படிக்கலாம்.

இந்தக் கோபமும் அழுகையும் வெறுப்பும் உன் குணம் இல்லை தம்பி. சிகரெட்டில் இருக்கும் நிகோட்டின் என்ற போதைப்பொருள் இல்லாமல் இருக்க உடம்பு பழகிக்கொள்ளும்போது வருவது. உன்னை இத்தனை வருஷம் நல்லவனாக வைத்திருந்தது சிகரெட் என்று நினைத்துவிடாதே.

நான் நர்ஸ் வேலையில் இருந்தபோது ஆண்கள் வார்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்கி, சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச முடியாதவர், ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் பீடி பற்றவைப்பார். மனைவி வாசலில் நின்று கெஞ்சுவாள். அந்த மனிதருக்கு மனைவி மேல் பாசம் இல்லாமல் இல்லை, உயிர் மேல் ஆசை இல்லாமலும் இல்லை. அவ்வளவு ஆழத்தில் வேர் விட்ட ஒன்றைத்தான் நீ பிடுங்கிக்கொண்டிருக்கிறாய். வலிக்காமல் எப்படி இருக்கும்?

ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது வினாடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும். அங்கே அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஒட்டியதும் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும், மனசு இதமாகும். வருஷக்கணக்கில் பிடிக்கிறவர்களுக்கு அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், பரிமாற ஆள் வரவில்லை என்றால் என்ன கூச்சல் போடுவார்களோ, அதுதான் இப்போது உன் தலைக்குள் நடக்கிறது. சோறு வராது என்று தெரிந்தால் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த எண்ணிக்கை சிகரெட்டே தொடாதவர்கள் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று மூளையை ஸ்கேன் எடுத்தே பார்த்திருக்கிறார்கள்.

சிகரெட் பிடித்தால் டென்ஷன் குறைகிறது என்று நீ எப்போதும் சொல்வாய். ரத்தத்தில் நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய உடம்பு படபடக்கும், அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பை அடக்கும். அந்தப் படபடப்பைக் கொண்டுவந்ததே முந்தின சிகரெட்தான் தம்பி. நீ நிம்மதி என்று நினைத்ததில் பெரும்பாதி அதுதான்.

விட்ட முதல் நாளிலேயே இதெல்லாம் ஆரம்பிக்கும். முதல் வாரத்தில், அதுவும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நீ ஏற்றத்தைத் தாண்டிவிட்டாய், இப்போது இறக்கத்தில் இருக்கிறாய். வேலையில் கவனம் நிற்காது, கண்ட கண்ட கனவு வரும், வாயில் புண் வரும், மலச்சிக்கல் வரும். இருமல்கூடக் கொஞ்சம் கூடலாம். புகையில் முடங்கிக் கிடந்த நுரையீரலின் சிறு மயிரிழைகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகின்றன, பயப்படாதே. பசி மட்டும் மாசக்கணக்கில் நிற்கும். ஒரு வருஷத்தில் நாலைந்து கிலோ ஏறுவது சாதாரணம். ஏறட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே டயட் என்று ஆரம்பித்து வயிற்றையும் காயப்போடாதே. பசித்த வயிறு சிகரெட்டைத்தான் கேட்கும்.

அப்பா விட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஏழாம் வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு வருவார். ஒருநாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். நீ சைக்கிளில் செயின் கழன்றதைச் சொல்லப் பயந்து அடுப்படியில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உன்னிடம் சொன்னேன், "அப்பா சிகரெட்டை விட்டிருக்காங்க, அதான் உடம்பு படுத்துது, உன் மேல ஒண்ணும் கோபம் இல்லை" என்று. மறுநாள் காலையில் நீ ஒரு காரியம் செய்தாய். ஆணியில் தொங்கிய அவர் சட்டையில், சிகரெட் பெட்டி இருக்கும் பையில், இரண்டு கடலைமிட்டாயைக் காகிதத்தில் சுற்றிப் போட்டுவிட்டாய். ஆபீஸில் கை பழக்கத்தில் பைக்குள் போயிருக்கிறது, மிட்டாய் தட்டுப்பட்டிருக்கிறது. சாயங்காலம் வந்து உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அதற்கப்புறமும் கத்தினார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் பழைய மனுஷனாகிவிட்டார்.

அதனால் சொல்கிறேன், பாப்பாவிடம் நீயே உட்கார்ந்து பேசு. எட்டு வயசுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். "அப்பா ஒரு கெட்ட பழக்கத்தை விட்டிருக்கேன், கொஞ்ச நாளைக்குச் சட்டுனு கோபம் வரும், அது உன்னால இல்லை" என்று சொல். பிள்ளைகள் எதையும் தங்கள் தப்பு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். மருமகளிடமும் ஒரு ஏற்பாடு செய்துகொள். கோபம் தலைக்கேறுகிறது என்று தெரிந்தால், ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வா. அவள் எங்கே என்று கேட்கக்கூடாது, நீயும் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரக்கூடாது. மேனேஜரோடு மோதிவிட்டுப் பேப்பர் போடப்போகிறேன் என்றாயாமே. வேலையை விடுவது, வீடு மாற்றுவது, யாரோடாவது பேச்சை முறிப்பது, எதுவாக இருந்தாலும் இந்த இரண்டு மாதம் கழித்து முடிவு செய். அப்போதும் அதே எண்ணம் இருந்தால் நானே சரி என்பேன்.

அடுத்து அந்தத் தவிப்பு. பிடித்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி வருமே, அது பெரும்பாலும் சில நிமிஷம்தான். நீ பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது தணிந்துவிடும். அந்த நேரத்தில் "வாழ்நாள் முழுக்க எப்படி இருப்பேன்" என்று யோசிக்காதே. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் தள்ளிப்போடு. ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடி. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடு. கைக்கு ஒரு வேலை கொடு, வெங்காயம் உரித்தாலும் சரி.

எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தாயா? உனக்கு ஆபீஸுக்குக் கீழே அந்த டீக்கடைதான். நாலு மணிக்கு எல்லோரும் இறங்குவீர்கள், டீயும் தம்மும். கொஞ்ச நாள் அங்கே இறங்காதே. நண்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடு, "விட்டுட்டேன், என் முன்னாடி நீட்டாதீங்கடா" என்று. நல்ல நண்பன் நீட்டமாட்டான். சாப்பிட்டு முடித்ததும் வரும் ஆசைக்கு உடனே போய்ப் பல் விளக்கிவிடு, இல்லையென்றால் கொஞ்சம் சோம்பு மென்றுகொண்டு நட. லைட்டர், ஆஷ்ட்ரே, பைக் பாக்ஸில் ஒளித்து வைத்திருக்கும் அந்தக் கடைசிப் பெட்டி, எல்லாவற்றையும் இன்றைக்கே தூக்கிப் போடு. அம்மாவுக்குத் தெரியும், ஒன்று இருக்கும். குடிக்கும் இடங்களுக்கு இந்த மாதம் போகவே வேண்டாம். இரண்டு மிடறு உள்ளே போனால் எத்தனை உறுதியும் தளர்ந்துவிடும், எனக்குத் தெரிந்து பாதிப் பேர் மறுபடி ஆரம்பித்தது அங்கேதான்.

காப்பி விஷயம் பலருக்குத் தெரியாது, கவனமாகக் கேள். கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் இல்லை என்றாயாம். ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிக்கிறாய்? சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள், காப்பியின் கஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துத் தள்ளும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் குறைந்துவிடும். அதே அளவு காப்பி குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். நீ சிகரெட் இல்லாத படபடப்பு என்று நினைப்பதில் ஒரு பங்கு காப்பிதான். பாதியாகக் குறை, மதியத்துக்கு மேல் தொடாதே. நம் வீட்டு டிகாக்‌ஷனை நாக்கு மறந்துவிடாது. இதே காரணத்தால் சில மாத்திரைகளின் அளவையும் மாற்ற வேண்டிவரும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள், மனநல மருந்து சிலவற்றை எடுப்பவர்கள் சிகரெட்டை விட்டால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். உனக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் உன்னைப் பார்த்து விடப்போகிற நண்பன் யாருக்காவது இருக்கலாம்.

நிகோட்டின் சூயிங்கம் வாங்கி, விக்கலும் குமட்டலும் வந்து தூக்கிப் போட்டுவிட்டாயாம். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்கியிருப்பாய், அதனால்தான் விக்கல். மெதுவாக நாலு கடி கடி. நாக்கில் சுறுசுறுவென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. காரம் போனதும் மறுபடி கடி, வேறு பக்கம் ஒதுக்கு. அரை மணி நேரம் அப்படியே. மருந்து வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகவேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து காப்பி, ஜூஸ் எதுவும் கூடாது, அது மருந்தை உள்ளே ஏறவிடாது. 2 மில்லிகிராமும் உண்டு, 4 மில்லிகிராமும் உண்டு. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர்களுக்கு 4 தேவைப்படும். நீ அந்த ரகம், அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்கு. இரண்டு மூன்று மாதம் போட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம். தோலில் ஒட்டும் பேட்ச் உண்டு, டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு. மருந்து உதவியோடு விடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதே. சுகருக்கு மாத்திரை போடுகிறவர்களை நாம் அப்படிச் சொல்வோமா? ஆனால் வேப் என்கிற மின் சிகரெட் பக்கம் போகாதே. நம் நாட்டில் 2019-லேயே தடை செய்துவிட்டார்கள்.

எப்போதாவது ஒன்றைப் பிடித்துவிட்டாய் என்று வைத்துக்கொள். எல்லாம் போச்சு என்று முழுப் பெட்டியையும் காலி பண்ணாதே. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் அடி. திட்டமாட்டேன். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது, என்ன மனநிலையில் பிடித்தாய் என்று மட்டும் கேட்பேன். அடுத்த முறை எங்கே ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அதிலிருந்துதான் தெரியும்.

மனசைப் பற்றி இன்னொன்று. விட்டு ஒன்றரை மாதம் தாண்டியவர்களைப் பார்த்தால், தொடர்ந்து பிடிப்பவர்களைவிட அவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சிகரெட் இல்லாமல் சந்தோஷமே இருக்காது என்ற உன் பயத்துக்கு அதுதான் பதில். ஆனால் நாலைந்து வாரம் ஆகியும் மனசு எழும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அதை நிகோட்டின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்காதே. உடனே மனநல டாக்டரைப் பார். ராத்திரியில் அப்படித் தோன்றினால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், இலவசம், எந்நேரமும் ஆள் இருப்பார்கள். பேச என்னைவிட அந்நியர் வசதி என்று தோன்றினாலும் எனக்கு வருத்தம் இல்லை. சிகரெட்டை விட உதவுவதற்கென்றே தனியாக 1800-11-2356 என்ற எண் இருக்கிறது. இத்தனை நாள் நீ கையில் வைத்திருந்த பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் சீக்கிரம் போட்டுவிடு. மாமா வருவார், வழக்கம்போல மொட்டைமாடிக்கு உன்னைக் கூப்பிடுவார். அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், இந்த வருஷம் மாடிக்குத் தனியாகத்தான் போகவேண்டும் என்று. சிரித்துக்கொண்டே சரி என்றிருக்கிறார். அப்பா உன்னோடு காலையில் நடக்கப் போவதாகச் சொல்கிறார். அவர் நடை வேகத்துக்கு உனக்கு ஷூ வேண்டும், மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா