ரிவ்யூ செய்யும் டீம் லீடுகளுக்கு: ஸ்பேஸையும் கமாவையும் கருவியிடம் விடுங்கள்

சின்ன, நடுத்தர வெப் கம்பெனிகளில் டீம் லீடாக இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் கோயம்புத்தூரில் 11 வருடமாக வெப்சைட் கட்டும் வேலையில் இருக்கிறேன். அதில் 5 வருடம் உங்களைப் போலவே லீடு. உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். புல் ரிக்வெஸ்ட் (எழுதிய கோடை மெயின் கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்புவது) ரிவ்யூவில் ஸ்பேஸ், கமா, கோட் குறி (மேற்கோள் குறி) பற்றி இனி ஒரு கமென்ட்கூட நீங்கள் கையால் எழுத வேண்டாம். அந்த வேலையை, கோடின் தோற்றத்தைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் கருவியான ஃபார்மேட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கையால் நடந்த ஒரு தப்பு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் டீமில் ஒரு பெண் ஃப்ரெஷராகச் சேர்ந்தார். வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு ஆன்லைன் கடைக்கான பில் பக்கத்தைத் தனியாக எழுதி, தன் முதல் புல் ரிக்வெஸ்டைப் போட்டார். ரிவ்யூ செய்தது நான். மொத்தம் 31 கமென்ட் எழுதினேன். இங்கே டபுள் கோட் வேண்டாம், சிங்கிள் கோட் போடவும். அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ். இந்த லைன் ரொம்ப நீளம், மடித்து எழுதவும். கடைசியில் செமிகோலன் எங்கே? இப்படியே 31. அவர் ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் திருத்தி மறுநாள் காலையில் அனுப்பினார். நான் அப்ரூவ் செய்தேன், மெயின் கோடில் மெர்ஜ் ஆகிவிட்டது.

அந்தக் கோடில் தள்ளுபடி சதவீதத்தை எடுக்கும் ஒரு லைன் இருந்தது. கடைக்காரர் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் 10 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் ஆர் ஆப்பரேட்டரை (||), அதாவது 'இது இல்லையென்றால் அது' என்னும் குறியைப் போட்டிருந்தார். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். கடைக்காரர் வேண்டுமென்றே 0 என்று போட்டாலும், ஆர் ஆப்பரேட்டர் அந்தப் பூஜ்யத்தை இல்லாததாகவே எடுத்துக்கொண்டு 10-க்குப் போய்விடும். மதிப்பே இல்லாதபோது மட்டும் 10-க்குப் போகும், இரண்டு கேள்விக்குறி (??) போடும் ஆப்பரேட்டர் வந்திருக்க வேண்டிய இடம் அது. அதே லைனில் நானும் ஒரு கமென்ட் எழுதியிருந்தேன்: ஆப்பரேட்டருக்கு இரண்டு பக்கமும் ஸ்பேஸ் விடவும். ஸ்பேஸைப் பார்த்த கண்ணுக்கு ஆப்பரேட்டர் தெரியவில்லை.

தள்ளுபடியே வேண்டாம் என்று சொன்ன கடை, இரண்டு நாள் எல்லாருக்கும் 10 சதவீதம் குறைத்து விற்றது. கடைக்காரர் ஃபோன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்தப் பெண் தன்னால்தான் நடந்தது என்று அழுதார். புதிதாக வந்தவர் அப்படி ஒரு லைன் எழுதுவது சகஜம். அதைப் பிடிப்பதற்குத்தான் ரிவ்யூ. பிடிக்காமல் விட்டது நான்.

உங்கள் டீமிலும் போன மாதம் போட்ட ரிவ்யூ கமென்ட்களை ஒரு தடவை பின்னால் போய்ப் படித்துப் பாருங்கள். எத்தனை கமென்ட் கோடு செய்யும் வேலையைப் பற்றியது, எத்தனை அதன் தோற்றத்தைப் பற்றியது என்று உங்களுக்கே தெரியும்.

தோற்றம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ரொம்ப முக்கியம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு அப்டேட் விட்டது, ஐஓஎஸ் 7.0.6. பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் சி கோடில் 'கோட்டு ஃபெயில்' (goto fail, 'தோல்வி' என்ற இடத்துக்குத் தாவு) என்ற லைன் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்துவிட்டிருந்தது. மேலே இருந்த இஃப்-க்கு (நிபந்தனை லைனுக்கு) சுருள் அடைப்பு இல்லை. அதனால் முதல் லைன் மட்டும்தான் இஃப்-க்கு உட்பட்டது. இரண்டாவது லைன் எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் ஓடும். அது ஓடியதால் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் கடைசிக் கட்டம் நடக்கவே இல்லை. ஆனால் இரண்டு லைனும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தன. பார்க்கிறவருக்கு இரண்டும் இஃப்-க்குள் இருப்பது போலவே தெரியும். அந்தக் கோப்பில் ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால், இரண்டாவது லைன் இடது பக்கம் நகர்ந்து இஃப்-க்கு நேர் கீழே வந்து நின்றிருக்கும். அப்போதும் யாராவது கட்டாயம் பார்த்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கண்ணில் படுவதற்கு ஒரு வழி இருந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. கையால் இன்டென்ட் செய்த (உள்ளே தள்ளி எழுதிய) கோடு, எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்பதைக் காட்டும். ஃபார்மேட்டர் இன்டென்ட் செய்த கோடு, கம்ப்யூட்டர் அதை எப்படிப் படிக்கிறது என்பதைக் காட்டும். ரிவ்யூ செய்கிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

ஃபார்மேட்டர் என்றால் அங்கங்கே ஸ்பேஸைச் சேர்த்து எடுக்கும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஜேம்ஸ் லாங் 2017 ஜனவரியில் வெளியிட்ட பிரிட்டியர் என்ற ஃபார்மேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் உங்கள் கோடைப் படித்து, அதன் அமைப்பை ஒரு மரமாக மாற்றிக்கொள்கிறது. நீங்கள் போட்ட இடைவெளியையும் லைன் உடைப்பையும் ஏறக்குறைய முழுவதுமாக மறந்துவிடுகிறது. அப்புறம் அந்த மரத்தை முதலிலிருந்து புதிதாக எழுதுகிறது. 80 எழுத்துக்குள் ஒரு லைனில் அடங்கினால் ஒரே லைன், அடங்காவிட்டால் உடைத்துக் கீழே கீழே. ஃபில் வாட்லர் என்ற கணினி அறிஞர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்த முறைக்கு மூலம். சில இடங்களில் மட்டும் உங்கள் விருப்பத்தை மதிக்கும். நீங்கள் விட்ட காலி லைனில் ஒன்றை வைத்துக்கொள்ளும், ஆப்ஜெக்டின் (பெயர், மதிப்பு ஜோடிகளின் தொகுப்பின்) முதல் பெயரை அடுத்த லைனில் ஆரம்பித்திருந்தால் அதை விரித்தே வைக்கும்.

இப்படிப் படித்து எழுதுவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ரிட்டர்ன் என்று எழுதி, என்டர் தட்டி, அடுத்த லைனில் சுருள் அடைப்பைத் திறந்து ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ள ஆப்ஜெக்டை எழுதினால் என்ன ஆகும்? ரிட்டர்னுக்குப் பின்னால் ஜாவாஸ்கிரிப்ட் தானே ஒரு செமிகோலன் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷன் வெறுங்கையோடு திரும்பும். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். பிரிட்டியரை ஓட்டுங்கள். ரிட்டர்னை ஒட்டி ஒரு செமிகோலன் வந்து உட்காரும், கீழே இருக்கும் அடைப்பு தனி பிளாக்காகப் பிரிந்து நிற்கும். சேவ் செய்த அடுத்த நொடியே அந்த ஃப்ரெஷருக்குத் தெரிந்துவிடும். அதை அவருக்குச் சொல்ல மூன்று பேர் பார்க்கும் இடத்தில் ஒரு கமென்ட் தேவையில்லை.

உங்களில் பலர் சொல்லும் மறுப்புகளை நானும் சொல்லியிருக்கிறேன். முதலாவது, "எங்க ஸ்டைல் எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்பது. 2009-இல் வெளிவந்த கோ மொழியோடு கோஃபம்ட் (gofmt) என்ற ஃபார்மேட்டர் கருவியும் வந்தது. அதில் ஸ்டைலைத் தேர்ந்தெடுக்க வழியே கிடையாது, அது எழுதுவதுதான் ஸ்டைல். அந்த மொழியில் எழுதுகிறவர்களுக்கு டேபா ஸ்பேஸா என்ற சண்டையே இல்லை. பைதானுக்கு 2018-இல் வந்த பிளாக் கருவியும் அதே வழி, லைன் நீளம் மட்டும் 88. எனக்குப் பிரிட்டியர் எழுதும் எல்லாம் பிடிக்காது. நீளமான நிபந்தனைகளை அது உடைக்கும் விதம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் அது எனக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் ஒரே மாதிரி எழுதுகிறது. அது போதும்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்தால் கிட் பிளேமில் (கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில், எந்த லைனைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் வசதி) ஒவ்வொரு லைனுக்கும் அந்த நாள் ஓட்டியவர் பெயர்தான் வரும், எந்த லைனை யார் எதற்காக எழுதினார் என்ற வரலாறு மறைந்துவிடும் என்பார்கள். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இலேயே இதற்கு வழி வந்துவிட்டது. ஃபார்மேட் செய்த கமிட்டின் (கிட்டில் பதிவு செய்த மாற்றத்தின்) எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கிட் செட்டிங்கில் குறிப்பிட்டு வைத்தால் பிளேம் அதைத் தாண்டிப் பழைய பெயரைக் காட்டும். கிட்ஹப் தளமும் அந்தக் கோப்பைப் படிக்கிறது. ஒரே நிபந்தனை, அந்த கமிட்டில் ஃபார்மேட்டைத் தவிர வேறு எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. "அப்படியே இந்தச் சின்ன பக்கையும் சேர்த்து அனுப்பிடறேன்" என்று யாராவது கேட்டால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ரிலீஸ் முடிந்து, திறந்திருக்கும் பிரான்ச் (இன்னும் மெயின் கோடில் சேராத தனிக் கிளை) குறைவாக இருக்கும் ஒரு மாலை நேரம் நல்லது. மீதி இருக்கும் பிரான்ச்களில் அதே ஃபார்மேட்டரை அதே செட்டிங்கோடு ஓட்டிவிட்டு அப்புறம் சேர்த்தால் கான்ஃபிளிக்ட் (இரண்டு பேர் மாற்றங்கள் மோதிக்கொள்வது) பெருமளவு குறையும்.

வெர்ஷனைப் பூட்டி வைப்பதை மறக்கவே கூடாது. பிரிட்டியர் 2020-இல் 2.0 வந்தபோது பட்டியலின் முடிவில் போடும் கடைசி கமாவின் வழக்கம் மாறியது, 2023-இல் 3.0 வந்தபோது மறுபடியும் மாறியது. ஒருவர் லேப்டாப்பில் பழையது, இன்னொருவர் லேப்டாப்பில் புதியது என்றால் ஒருவர் போட்ட கமாவை மற்றவர் கருவி எடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் டீமில் ஒரு கோப்பு ஒரே வாரத்தில் நான்கு தடவை இப்படி மாறியிருக்கிறது. பாதுகாப்புக்கும் இது தேவை. 2025 ஜூலையில், கோடில் தப்பு தேடும் ஈஎஸ்லின்ட் கருவியும் பிரிட்டியரும் மோதாமல் இருக்க எல்லாரும் போடும் ஒரு பேக்கேஜின் பராமரிப்பாளர் ஃபிஷிங் மெயிலில் மாட்டி, அந்தப் பேக்கேஜின் விஷம் கலந்த வெர்ஷன்கள், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்-இல் ஏறிவிட்டன.

நம் ஊர் டீம்களில் இன்னொரு தொல்லை, லைன் முடிவுக் குறி. ஃப்ரெஷர்கள் கையில் பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப், சர்வரில் லினக்ஸ். விண்டோஸ் லைன் முடிவில் இரண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒன்று வைக்கும். ஒரு லைன் மாற்றிய இடத்தில் 600 லைன் மாறியதாக டிஃப் (மாற்றங்களின் பட்டியல்) காட்டினால் எந்த ரிவ்யூவரும் முழுதாகப் படிக்க மாட்டார். பிரிட்டியர் 2.0 முதல் லினக்ஸ் முறையையே வழக்கமாக வைத்திருக்கிறது. கிட் செட்டிங்கையும் அதற்குப் பொருந்த வையுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எச்.டி.எம்.எல்-இல் பிரிட்டியர் எழுதுவது சில இடங்களில் பார்க்கவே விசித்திரமாக இருக்கும். டேகை மூடும் குறி அடுத்த லைனின் தொடக்கத்தில் போய் நிற்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு லிங்குகளுக்கு நடுவே புதிதாக ஒரு ஸ்பேஸோ என்டரோ வந்தால் பிரவுசரில் அது இடைவெளியாகத் தெரியும். பக்கத்தின் தோற்றம் மாறிவிடக் கூடாது என்பதால் கருவி அழகை விட்டுக்கொடுக்கிறது. பி.எச்.பி-யும் எச்.டி.எம்.எல்-உம் கலந்து கிடக்கும் பழைய டெம்ப்ளேட்களை முதலில் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தவறான பெயர், தேவையில்லாத ஃபங்ஷன், அந்த ஆர் ஆப்பரேட்டர் போன்ற பக், இவற்றில் எதையும் ஃபார்மேட்டர் பிடிக்காது. சிலவற்றை ஈஎஸ்லின்ட் பிடிக்கும். அந்த ஈஎஸ்லின்ட்டே 2023-இல் தன்னுடைய ஸ்பேஸ், கமா விதிகளை எல்லாம் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. மீதி உங்கள் வேலை, உங்கள் கண்.

சேவ் செய்யும்போது ஓடுவது மட்டும் போதாது. புதிதாகச் சேர்ந்தவர் எடிட்டரில் அந்த செட்டிங்கைப் போட மறந்திருப்பார். கமிட் செய்யும்போதும் ஓடட்டும், சர்வரிலும் ஒரு தடவை சரிபார்க்கட்டும். சர்வரில் தோற்றால் அந்தச் செய்தியைக் கருவி சொல்லும். கருவி சொன்னால் யாருக்கும் மனம் நோகாது.

எங்கள் டீமில் எல்லாக் கோப்பையும் ஃபார்மேட் செய்யும் அந்தப் பெரிய கமிட்டை அந்தப் பெண்ணையே போடச் சொன்னேன். 412 கோப்புகள். போட்ட பிறகு அவர் அனுப்பிய அடுத்த புல் ரிக்வெஸ்டில் நான் 3 கமென்ட்தான் எழுதினேன். ஒன்று, ஆர்டர் கேன்சல் ஆனால் இந்தத் தொகை எங்கே போகும் என்ற கேள்வி. அவர் உடனே திருத்தவில்லை. என் இருக்கைக்கு வந்து, ஒரு பேப்பரில் படம் போட்டு, நான் கேட்டதே தப்பு என்று விளக்கினார். அவர் சொன்னதுதான் சரி. முதல் ரிவ்யூவில் அவர் என்னோடு ஒரு வார்த்தை வாதாடவில்லை, வாதாட நான் எதையும் கொடுக்கவில்லை.

அடுத்த ரிலீஸ் முடிந்த மறுநாள் ஒரு அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். செட்டிங்கைப் பற்றி டீமோடு ஒரு மணி நேரம் பேசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முடிவாகாவிட்டால் கருவியின் வழக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்