கட்டியைக் கண்ட பிறகும் தேடல் தொடர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் ஸ்கேன்களில் கவனிக்கப்படாமல் போகும் கோளாறுகளைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ரேடியாலஜிஸ்டுகள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. அந்த ஸ்கேன்களுக்கு ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. கவனமாக இருங்கள் என்று சொல்லி இதைக் குறைக்க முடியாது.

கோளாறு உள்ள மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறத்தாழ 30 சதவீதம் அனுபவசாலிகளின் கண்ணுக்கே தப்பிவிடுகிறது என்று ரேடியாலஜிஸ்ட் ஹென்றி கார்லண்ட் 1949-இலேயே எழுதினார். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல் சிடி படங்களுக்குள் ஒரு கொரில்லா உருவத்தைப் பதித்து வைத்தார்கள். சிறு கட்டிகளைத் தேடிக்கொண்டிருந்த 24 ரேடியாலஜிஸ்டுகளில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த இடத்தில் பதிந்திருந்தது! மனம் ஒன்றைத் தேடும்போது கண்ணெதிரே இருக்கும் மற்றொன்று தெரியாமல் போகிறது. இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை.

புற்றுநோய் ஸ்கேனில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். கல்லீரலில் பெரிய கட்டி தெரிகிறது. அதை அளக்கிறோம், பழைய அளவோடு ஒப்பிடுகிறோம். முக்கியமான வேலை முடிந்துவிட்டது என்று மனம் ஓய்ந்துவிடுகிறது. நுரையீரல் ரத்தக்குழாயில் உள்ள ரத்த உறைவும், தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கிய முதுகெலும்புக் கட்டியும் தப்புவது அப்போதுதான். இரண்டுமே நோயாளியால் காத்திருக்க முடியாத விஷயங்கள். அதனால் பிரதான கட்டியை அளந்த பிறகு கட்டாயமாகத் திரும்பிப் பார்க்க வேண்டிய இடங்கள் ரிப்போர்ட் படிவத்திலேயே தனித்தனித் தலைப்புகளாக இருக்க வேண்டும்: எலும்புகள், நுரையீரல் ரத்தக்குழாய்கள், வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு, ஸ்கேனின் முதல் சில படங்களும் கடைசிப் படங்களும். ஆனால் 'இயல்பு' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்த படிவம் வேண்டவே வேண்டாம். பார்க்காத இடத்தையும் பார்த்ததாக அது எழுதிவிடும்.

அப்புறம், பழைய ஸ்கேன்கள். போன முறை எடுத்ததோடு மட்டும் ஒப்பிட்டால் மெல்ல வளரும் கட்டி ஒவ்வொரு முறையும் 'மாற்றமில்லை' என்றே வரும். கிடைப்பதிலேயே பழையதையும் திறந்தால்தான் வளர்ச்சி தெரியும். அதேபோல, ஸ்கேன் கேட்டு மருத்துவர் அனுப்பும் சீட்டில் 'சிடி வயிறு' என்பதோடு 'பத்து நாளாக முதுகுவலி' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் எங்கள் கண் போகும் இடமே மாறிவிடும்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்கிறது கட்டுரை. ஸ்வீடனில் 80,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு படம் பார்க்கும் பணிச்சுமை 44 சதவீதம் குறைந்தது, புற்றைக் கண்டறிவது குறையவில்லை. மகிழ்ச்சியான செய்திதான், வரவேற்கிறேன். ஆனால் அங்கே கேள்வி ஒன்றுதான்: மார்பில் புற்று உண்டா? கழுத்திலிருந்து இடுப்பு வரை எடுத்த சிடியில் கேள்விகள் ஏராளம்.

மருத்துவமனை நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. ஸ்கேன் பார்க்கும் நேரத்தில் தொலைபேசி அழைப்புகளை வேறொருவர் எடுக்கட்டும். புற்றுநோய் மருத்துவர்களிடம் இன்னொன்று: அறுவை சிகிச்சையிலோ பயாப்சியிலோ எங்கள் ரிப்போர்ட்டுக்கு மாறாக ஏதாவது தெரிந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது எங்கள் காதுக்கு வருவதேயில்லை.

இப்படிக்கு,
ஒரு ரேடியாலஜிஸ்ட்