ரோபோ போட்டி பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாணவர்கள் தாங்களே கருவிகளைச் செய்து பழக அரசுத் திட்டத்தில் அமைத்த அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்காக உன் பள்ளிக்கு வந்த கருவிகள் பூட்டிய அலமாரியிலேயே இருப்பதாகவும், ரோபோ போட்டிக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தாய். மூன்று ஆண்டுகளாக இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்கு மாலை வேளைகளில் வழிகாட்டியாக இருந்து வருகிறேன். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ போட்டி நடத்தும் ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கி, 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டியை நடத்தினார். விளையாட்டு வீரர்களையும் திரை நட்சத்திரங்களையும் மட்டுமே கொண்டாடி வளரும் பிள்ளைகள், வேலை செய்கிற பொறியாளர் ஒருவரையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அது எவ்வளவு சரி என்பது எனக்கு 2024 மார்ச்சில் புரிந்தது.

எங்கள் அணி ஆடிய அந்த ஆண்டு ஃபர்ஸ்ட் போட்டியில், இரண்டரை நிமிட ஆட்டத்தின் முதல் 15 நொடிகளில் யாரும் இயக்காமல், எழுதி வைத்த நிரலின்படியே ரோபோ ஓட வேண்டும். எங்களுடையதோ நின்ற இடத்திலேயே சுற்றியது. ரோபோவைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குத் திரும்பியதும் பையன்கள் நிரலைத் திருத்த மடிக்கணினியைத் திறந்தார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மட்டும், ஒவ்வொரு வயராக விரலால் மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் என்கோடரின் கனெக்டர் கழன்று, உள்ளே ஒரு பின்னும் முறிந்திருந்தது. எங்களிடம் மாற்றுக் கேபிள் இல்லை. அடுத்த ஆட்டத்தில் எங்களை எதிர்த்து ஆடவிருந்த அணியின் பையன் ஒருவன் கேபிளைக் கொண்டுவந்து கொடுத்து, அவள் மாட்டி முடிக்கும் வரை டார்ச் பிடித்தபடி நின்றான். கடுமையாகப் போட்டியிடும்போதே எதிரணிக்கும் உதவ வேண்டும் என்று எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்தது அங்கே வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அவள் இப்போது கல்லூரியில் மின்பொறியியல் படிக்கிறாள்.

படிப்பு கெடும் என்பவர்களிடம் இதையும் சொல்: வகுப்பில் சைன், கோசைனைக் கண்டு ஒதுங்கிய பிள்ளைகள், ஆட்டத்தில் ரோபோ வளையத்தை எறியும் கோணம் தெரிய வேண்டும் என்றதும் தாங்களாகவே வந்து கேட்டுக் கற்றார்கள்.

இந்த அளவுப் போட்டிக்கு ஆகும் செலவு உன் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. அது இப்போது தேவையும் இல்லை. முதலில் அலமாரியைத் திற. மின்வாரியத்தில் இருக்கும் நம் ராஜேந்திரனைச் சனிக்கிழமைதோறும் வரச்சொல். நானும் அவனுக்கு எழுதுகிறேன். டிசம்பரில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒரு வாரம் இருக்க ஆசைப்படுகிறேன். என்னென்ன சென்சார்கள், மோட்டார்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பட்டியல் அனுப்பு. குறைவதை வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
சிவகுமார்