மீன் பட்டியலோடு வலையின் விவரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்புச் செய்திகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. மீன்களைப் பற்றியும், இன்ன நீர்நிலையில் இத்தனை இனங்கள் என்று அவ்வப்போது பட்டியல்கள் வருகின்றன. ஆனால் எந்த வலையால், என்ன கண்ணி (வலைத் துளை) அளவில், எவ்வளவு நேரம், எந்தப் பருவத்தில் பிடித்துப் பார்த்தார்கள் என்ற விவரம் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. பறவையைக் கண்ணால் பார்த்து எண்ணிவிடலாம். கலங்கிய நீருக்குள் திரியும் விரல் நீள மீனையோ நாம் இறக்கும் வலையின் வழியாகத்தான் அறிய முடியும் என்பதால், வலையைச் சொல்லாத எண்ணிக்கையை அடுத்த ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிடவே இயலாது.

கட்லா, ரோகு போன்ற பெரிய மீன்களின் செவுள் சிக்கும்படி பெரிய கண்ணியோடு பின்னிய செவுள் வலையில் அயிரை நிற்காது. ஐரோப்பிய ஏரி ஆய்வுகளுக்கான தரமுறையில் ஒரே வலையில் 5 மி.மீ. முதல் 55 மி.மீ. வரை 12 கண்ணி அளவுகளை வைத்திருக்கிறார்கள்; அதிலும்கூட மிகச் சிறிய மீன்கள் சரியாகச் சிக்குவதில்லை.

தரை சமமாகவும் செடியின்றியும் இருக்கும் குளக்கரையில், நெருக்கமான கண்ணி கொண்ட சிறிய இழுவலை போதும். பாசியும் கொடியும் மண்டிய ஓரங்களில் அதன் அடிக்கயிறு செடிமேல் ஏறிவிட, மீன் கீழே தப்பிவிடும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் இதற்காக ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள, அடியில்லாத பெட்டியை நீரில் எறிந்து, உள்ளே அகப்பட்டதைக் கைவலையால் அரித்து எடுக்கிறார்கள். நம் ஊர் ஊத்தா என்ற அடியில்லாத கூடையும் இப்படி மேலிருந்து கவிழ்த்து மீனை மடக்குவதுதான். பெட்டியின் பரப்பளவு தெரிந்திருப்பதால் சதுர மீட்டருக்கு எத்தனை மீன் என்று சொல்ல முடிகிறது. இழுவலையில் இவ்வளவு துல்லியமாகச் சொல்வது கடினம்.

தாமிரபரணியின் மேற்பகுதி ஓடைகளில் இவை இரண்டுமே உதவா. பாறைகளுக்கிடையே வலையை இழுக்க முடியாது. ஓடையின் ஒரு பகுதியை இருபுறமும் நுண்வலையால் அடைத்து, கற்களைக் கலைத்து, கீழ்ப்புறம் பிடித்த வலையில் விழுவதை எண்ணி, அதையே மும்முறை செய்தால், பிடிபடும் மீன் குறைந்துவரும் வேகத்திலிருந்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடலாம். மின்சாரம் செலுத்தி மீனை மயங்கச் செய்யும் முறையை வெளிநாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாள்கிறார்கள். ஆனால் அதில் பெரிய மீன்களே எளிதில் அகப்படும், உப்பு மிகக் குறைந்த மலை ஓடையிலும் உப்பு மிகுந்த கழிமுகத்திலும் அது சரிவரப் பயன் தராது. பயிற்சியற்றவர் தொடவே கூடாத முறை அது. புன்னைக்காயல் போன்ற கழிமுகங்களில், கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த மீன் வற்றத்தில் திரும்பும் வழியில் வலை வைப்பதே பொருத்தம் என்பதை அங்குள்ள மீனவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிவார்கள்.

சிறு மீன்களுக்கு இவ்வளவு சிரத்தை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தாமிரபரணி வடிநிலத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத கெண்டை இனம் ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது. கொசுவை ஒழிக்க 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா என்ற சிறு மீனும் இன்று நம் நீர்நிலைகளில் இருக்கிறது. ஒன்று குறைகிறதா, மற்றொன்று பெருகுகிறதா என்பதை, ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அறிய முடியும்.

உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன்படி உள்ளாட்சிகளில் தயாரிக்கப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளில், மீனின் பெயருக்கு அருகிலேயே கருவி, கண்ணி அளவு, பிடித்த நேரம், நீரின் ஆழம், செடியின் அடர்த்தி ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். உள்ளூர் மீனவர்களை ஊதியம் கொடுத்து இப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிடித்த மீன்களைத் தண்ணீரில் வைத்தபடியே படமெடுத்து விட்டுவிட வேண்டும். எதுவும் சிக்காத வீச்சுகளையும் விடாமல் பதிய வேண்டும் என்று மாநில பல்லுயிர் வாரியத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.