அதே கரைசல், வேறு படலம்

வந்தாறுமூலை,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுத்திருக்கிறாள் என்று வாசித்ததும் பெருமகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மாரி பிடித்துவிட்டது, துணி எதுவும் காய்வதில்லை.

உன் மாணவர்கள் ஒரே செப்பு அசற்றேற்றுக் கரைசலில் மின்னைப் பாய்ச்சி ஒட்சைட்டுப் படலம் படிய வைத்த தட்டுகள் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று சிவப்பாகவும் ஒன்று பளபளக்கும் செப்பாகவும் வந்ததாக எழுதியிருந்தாய். அவர்களைக் கடிந்துகொள்ளாதே. ஒட்சைட்டுப் படலத்தின் குணத்தில் பாதியைத்தான் இரசாயனப் போத்தல் தருகிறது. மீதியைப் படிய வைக்கும் நிபந்தனைகளே தருகின்றன.

அப்படிப் படியும் குப்பிரசு ஒட்சைட்டை (Cu₂O) பி-வகைக் குறைகடத்தி என்றுதான் நாம் படித்தோம். பளிங்கில் செப்பு இருக்கவேண்டிய சில இடங்கள் வெறுமையாகிவிடுவதால், துளைகள், அதாவது இலத்திரன் இல்லாத இடங்கள், நேரேற்றம் போல நகர்ந்து மின்னைக் கடத்துகின்றன. ஆனால் 1986இல் களனிப் பல்கலைக்கழகத்தின் சிறிபாலவும் அவருடைய சக ஆய்வாளரும், மின்னால் படிய வைத்த அதே ஒட்சைட்டு என்-வகையாக, அதாவது இலத்திரன்களே மின்னைக் கடத்தும் வகையாக, நடப்பதை வெளியிட்டார்கள். நம் நாட்டு ஆய்வுகூடத்தில் கண்ட இந்த விடயத்தைப் பிற நாட்டவர்களும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. கரைசல் சற்று அமிலமாக இருந்தால் என்-வகை. இலற்றிக் அமில உப்பான இலற்றேற்றுச் சேர்த்துக் காரமாக்கினால் பி-வகை. அமிலம் மிஞ்சினால் ஒட்சைட்டோடு உலோகச் செப்பும் சேர்ந்து படியும். உன் மாணவர்களின் பளபளக்கும் தட்டுக்கு அது காரணமாக இருக்கலாம். தட்டுக்குக் கொடுக்கும் மின்னழுத்த வேறுபாட்டைக் கூட்டிவிட்டாலும் அப்படித்தான் ஆகும், அதையும் கேட்டுப் பார்.

அந்தச் சிவப்புத் தட்டைக் காற்றில் 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கறுத்துவிடும். குப்பிரிக்கு ஒட்சைட்டாக (CuO) மாறி, ஏறத்தாழ 2 இலத்திரன் வோற்றாக இருந்த சக்தி இடைவெளி (பிணைப்பிலுள்ள இலத்திரனை விடுவிக்கத் தேவையான சக்தி) 1.5க்கும் கீழே இறங்கும்.

நாங்கள் இப்போது நாக (துத்தநாக) அசற்றேற்றுக் கரைசலைச் சூடான கண்ணாடித் தட்டில் விசிறி, நாக ஒட்சைட்டைப் படிய வைக்கிறோம். கண்ணாடி போதிய சூடாகாவிட்டால் அசற்றேற்று முழுதாகச் சிதையாமல் படலத்தில் தங்கிவிடும். 400 பாகையை ஒட்டி நல்ல பளிங்குகள் வளரும். சூடு மிகையானால் துளிகள் தட்டை அடையுமுன்னரே உலர்ந்து, தேய்த்தால் உதிரும் தூளாகப் படியும். ஒட்சிசன் குறைந்த சூழலில் வளர்த்த படலம் மின்னை நன்றாகக் கடத்தும், நிறைந்த சூழலில் வளர்த்தது தடை கூடியதாக இருக்கும். தட்டைச் சுழற்றிக் கரைசலைப் பூசும் முறையில் இந்த மாரிக்காலம் பெரிய தொல்லை. காற்றின் ஈரம் கரைசலோடு தாக்கம் புரிந்து படலத்தை மங்கலாக்கிவிடுகிறது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் வரும் படலத்தை இங்கே திறந்த யன்னலருகே எதிர்பார்க்க முடியாது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்: ஒவ்வொரு தட்டுக்கும் கரைசலின் பி.எச். பெறுமானம், வெப்பநிலை, அழுத்த வேறுபாடு, எடுத்த நேரம், அன்றைய மழை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதட்டும். எழுதாத தட்டை அழகாக வந்தாலும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மார்கழி விடுமுறையில் கல்முனையிலிருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. பி-வகையா என்-வகையா என்று ஒளியைப் பாய்ச்சி இங்கே அளந்து பார்க்கலாம். மூன்று தட்டுகளையும் கழுவி உலர்த்தி, தாளில் சுற்றிக் கொண்டுவரச் சொல். வரும் திகதியை முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்